பிற்போடுவதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

கொழும்பில் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்துவரும் ஆசிரியை ஒருவர், காரியங்களைத் தள்ளிவைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பற்றிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கோட்டையில் பணிபுரியும் ஒருவர்: ரீச்சர், ‘டிரெயின் போஸ்ட்போன்ட், பிந்தித்தான் வருவேன்’ என்று நான் அனுப்பிய செய்தியை மேலாளர் ‘டிலேட்’ என்று திருத்தினார். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. போஸ்ட்போன் என்பது பொறுப்பில் இருப்பவர் எடுக்கும் முடிவு. பின்னால் வைத்தல் என்ற லத்தீன் பொருளிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு நம்முடைய ‘பிற்போடுதல்’ அச்சொட்டாகப் பொருந்தும். கரையோரப் பாதையில் உங்கள் ரயில் சுணங்கியதே தவிர, அதை யாரும் இன்னொரு நாளுக்கு மாற்றவில்லை; ஆகவே அது டிலே. 2020ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலோ ஏப்ரல் 25இலிருந்து ஜூன் 20க்கும், பின்னர் ஓகஸ்ட் 5க்கும் மாற்றப்பட்டது, அது போஸ்ட்போன். புதிய திகதியைச் சொல்ல ‘அன்டில்’ அல்லது ‘டு’ வரும். எவ்வளவு காலம் தள்ளிப்போனது என்று சொல்ல ‘பை’ வரும்: ‘போஸ்ட்போன்ட் அன்டில் ஃபிரைடே’, ‘போஸ்ட்போன்ட் பை எ வீக்’.

கொட்டாஞ்சேனை வாசகர்: 2023 ஆசியக் கிண்ணத்தில் பிரேமதாச மைதானத்தில் மழையால் நின்று, மறுநாள் நடந்த இந்திய–பாகிஸ்தான் போட்டியை எப்படிச் சொல்வது?

பதில்: செப்டெம்பர் 10ஆம் திகதி இந்தியா 24.1 ஓவர்களில் 2 விக்கெட்டுக்கு 147 ஓட்டங்கள் எடுத்திருந்தபோது ஆட்டம் நின்றது. மறுநாள் அதே இடத்திலிருந்து தொடர்ந்தது. தொடங்கிய ஒன்று இடையில் நிறுத்தப்பட்டால் ‘சஸ்பென்டட்’, மீண்டும் தொடர்ந்தால் ‘ரிசூம்ட்’. தொடங்காத போட்டிக்கே போஸ்ட்போன் பொருந்தும்.

வெள்ளவத்தை உயர்தர மாணவி: ‘ஐ புட் ஓஃப் டு கோ டு த டென்டிஸ்ட்’ என்று எழுதியதற்குப் புள்ளி குறைத்துவிட்டார்கள், ரீச்சர்.

பதில்: மகள், ‘புட் ஓஃப் கோயிங்’ என்று எழுதியிருக்க வேண்டும். போஸ்ட்போன், டிலே ஆகியவற்றுக்குப் பின்னாலும் ‘இங்’ வடிவமே வரும். ‘அதை’ என்று சொல்லும்போது அந்தச் சொல் நடுவில் நுழைந்து ‘புட் இட் ஓஃப்’ ஆகிவிடும். இதைவிட என்னை வருத்துவது, ‘கோல் ஓஃப்’ என்பதை இதன் இடத்தில் போடுவது. கோல் ஓஃப் என்றால் அடியோடு கைவிடுவது. என் மாணவி ஒருத்தி, வீட்டில் துடக்கு வந்ததால் அக்காவின் கல்யாணத்தை இரண்டு மாதம் தள்ளிவைத்ததைச் சொல்ல வந்து, ‘த வெடிங் இஸ் கோல்ட் ஓஃப்’ என்று லண்டனில் இருக்கும் சித்திக்கு எழுதிவிட்டாள். சம்பந்தமே முறிந்துவிட்டது என்று எண்ணிய சித்தி அழுதுகொண்டே தொலைபேசி எடுத்தார். ‘புட் ஓஃப்’ என்று ஒரு சொல் மாறியிருந்தால் அந்த அழுகை இருந்திராது.

புதுக்கடையில் சட்டம் பயிலும் ஒருவர்: அஜேர்ன், ப்ரோரோக் இரண்டையும் எப்போது பயன்படுத்துவது?

பதில்: அஜேர்ன் என்பது கூடிய அமர்வை இன்னொரு நேரத்துக்கோ நாளுக்கோ ஒத்திவைப்பது, பழைய பிரெஞ்சில் ‘ஒரு நாளுக்கு’ என்ற தொடரே அதன் வேர். நாடாளுமன்றம் மாலையில் மறுநாள் வரை ஒத்திவைக்கப்படுவதும் இதுவே. ஜனாதிபதி பிரகடனத்தின் மூலம் கூட்டத்தொடரையே முடித்துவைப்பது ப்ரோரோக். அரசியலமைப்பின் 70ஆவது உறுப்புரையின்படி, அடுத்த கூட்டத்தொடருக்கான திகதி அந்தப் பிரகடனத்திலிருந்து இரண்டு மாதங்களுக்குள் குறிக்கப்பட வேண்டும். முடிவுறாத அலுவல்களை அடுத்த தொடரில் முன்கொண்டு செல்லலாம் என்பதால், இதைக் கலைப்போடு குழப்பக் கூடாது.

கொள்ளுப்பிட்டி வாசகி: எங்கள் திட்டத்தை ‘டேபிள்’ செய்யும்படி அமெரிக்கப் பங்காளிகளுக்கு எழுதினேன். அவர்கள் பேச்சை எடுக்கவே இல்லை.

பதில்: அவர்கள் நீங்கள் கேட்டதைத்தான் செய்திருக்கிறார்கள். பிரித்தானிய வழக்கிலும் நம் நாடாளுமன்றத்திலும் டேபிள் என்றால் விவாதத்துக்குச் சமர்ப்பிப்பது. அமெரிக்காவில் கிடப்பில் போடுவது. இரு பக்கமும் வாசிக்கும் கடிதத்தில் இந்தச் சொல்லையே தவிர்த்து, ‘லெட் அஸ் டிஸ்கஸ்’ என்று எழுதுங்கள். முற்படுத்துவதைச் சொல்லும் ‘பிரிபோன்’ என்பதும் தெற்காசியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது. ‘பிரிங் ஃபோர்வர்ட்’ போதும்.

தெஹிவளை வாசகர்: வாடகை முற்பணத்தைத் திருப்பித் தராமல் வீட்டுக்காரர் மாதக்கணக்காகச் சாட்டுச் சொல்கிறார். ‘யூ ஆர் ப்ரோக்ராஸ்டினேட்டிங்’ என்று எழுதலாமா?

பதில்: நாளை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த ப்ரோக்ராஸ்டினேட், செய்ய மனமில்லாமல் ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று கடத்துவதைக் குறிக்கும். வேண்டுமென்றே இழுத்தடிப்பவருக்கு உரிய சொல் ‘ஸ்டோல்’. ஆனால் அது நேரடிக் குற்றச்சாட்டு என்பதால், முதல் கடிதத்தில் ‘த ரீஃபண்ட் ஹேஸ் பீன் டிலேட்’ என்று எழுதி, பணம் வந்துசேர வேண்டிய திகதியையும் குறிப்பிடுங்கள். அந்தத் திகதியும் கடந்துபோனால் ஸ்டோல் என்று எழுதத் தயங்க வேண்டாம்.