ராத்திரி நாலு தடவை எழுந்தால் தண்ணீரை நிறுத்தணுமா?

யாங்கோனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: 72 வயது அப்பா சிறுநீர் கழிக்க ராத்திரி நாலு தடவை எழுகிறார், தூக்கமே இல்லை, சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்தலாமா என்று.

அடியோடு நிறுத்தாதீர்கள். சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேரும். வயதானவர் ஒரு தடவை எழுவது சகஜம். நாலு என்றால் காரணம் தேடணும்.

முதலில் காலைப் பாருங்கள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா? பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. குழி விழுந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இதயம், சிறுநீரகம் பார்ப்பார். மத்தியானம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் கொஞ்சம் குறையும். சிறுநீரை அதிகமாக்கும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் நேரத்தை மாற்றலாமா என்றும் கேளுங்கள். சர்க்கரை, புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) சோதனையும் அவசியம். சாயங்காலம் டீக்கடைக்குப் போகட்டும், பேச்சு மட்டும் போதும், டீ வேண்டாம்.

மூன்று நாள் அவர் கழிக்கும் சிறுநீரை அளந்து, நேரத்தோடு எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள். 24 மணி நேரச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வந்தால், கோளாறு சிறுநீர்ப்பையோடு நிற்கவில்லை என்று அர்த்தம்.

கரண்ட் போன இருட்டில் விழுந்துவிடப் போகிறார். தலைமாட்டில் டார்ச் இருக்கட்டும். சிறுநீர் கழிக்கக் கட்டிலடியில் மூடியுள்ள பாட்டிலும் வையுங்கள். வெட்கப்படுவார். பேரப்பிள்ளைகள் கண்ணில் படாமல், விடியுமுன் நீங்களே எடுத்துவிடுங்கள்.