கெச்சுவா மலைக் கிராமங்கள் வழியே பல நாள் நடைப்பயணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பெரு நாட்டின் குஸ்கோ வட்டாரத்தில், கெச்சுவா மக்கள் வாழும் ஆண்டிஸ் மலைக் கிராமங்களுக்கு நடந்து செல்லத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

மச்சு பிச்சு இடிபாடுகளுக்குச் செல்லும் இன்கா பாதைக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக லாரெஸ் பாதையில் போகலாமா, அவ்சங்காத்தே மலையைச் சுற்றி வரலாமா?

இன்கா பாதையில் வழிகாட்டிகள், சுமை தூக்குவோர் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. பிப்ரவரியில் பராமரிப்புக்காக அதை மூடிவிடுவார்கள். லாரெஸ் பாதைக்கு இப்படிப்பட்ட அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆனால் வேறு வழியின்றித் தேர்ந்தெடுக்கும் பாதையாக அதைக் கருத வேண்டாம். இன்கா பாதையில் பழைய கட்டுமானங்களைக் காணலாம். லாரெஸில் உருளைக்கிழங்கு வயல்கள், கம்பளிக்காக வளர்க்கும் அல்பாகா மந்தைகள், தறியோடு முற்றத்தில் அமர்ந்திருக்கும் பெண்கள் என்று, இன்று நடந்துகொண்டிருக்கும் வாழ்க்கையினூடே நடக்கிறோம். மக்களைச் சந்திப்பதே நோக்கமென்றால் என் பரிந்துரை லாரெஸ்தான்.

அவ்சங்காத்தே 6,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பனிமலை. டிங்கி என்ற ஊரிலிருந்து அதைச் சுற்றி வர ஐந்தாறு நாட்களாகும். வழியில் 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய் உண்டு. பெரும்பாலான இரவுகளை 4,000 மீட்டருக்கு மேல்தான் கழிக்க வேண்டியிருக்கும். உயரமான மலைகளில் நடந்து பழகாதவர்களுக்கு அது முதல் பயணமாக இருக்கக் கூடாது.

மொத்தமே பத்து நாள் விடுப்பு. குஸ்கோவில் இறங்கிய மறுநாளே நடக்கத் தொடங்கலாமா?

தொடங்கக் கூடாது. குஸ்கோ ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடல் மட்டத்து ஊரிலிருந்து விமானத்தில் நேராக அங்கே வந்து இறங்குவதே உடலுக்குப் பெரிய சோதனை. உடல் எவ்வளவு திடமானது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நாள்தோறும் ஓடிப் பயிற்சி செய்யும் இளைஞர் படுத்துவிடுவதும், அறுபது வயதுக்காரர் நிதானமாக நடந்து கடப்பதும் இங்கே வழக்கமானவையே.

விமான நிலையத்திலிருந்து நேராகக் கீழே உருபம்பா பள்ளத்தாக்குக்குச் சென்றுவிடுங்கள். உருபம்பா, ஓயன்தாய்தம்போ ஆகிய ஊர்கள் 2,900 மீட்டருக்கும் கீழே உள்ளவை. அங்கே இரண்டு இரவுகள், பிறகு குஸ்கோவில் ஓரிரண்டு இரவுகள், அதன் பின்னரே நடை. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், உறங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வதே பொதுவான விதி. லாரெஸ் பாதையில் வக்கவாசி கிராமம் சுமார் 3,800 மீட்டரிலும், அதைத் தாண்டி வரும் கணவாய் 4,400 மீட்டரையொட்டியும் இருப்பதால், முதல் நான்கு நாட்களை இப்படிச் செலவிடுவது வீணாகாது. பத்து நாள் போதவில்லையென்றால் பட்டியலிலிருந்து டிட்டிகாக்கா ஏரியை எடுத்துவிடுங்கள். இந்த நாட்களில் கை வைக்காதீர்கள்.

தலைவலியும் பசியின்மையும் இருந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். மலையில் 'கீழே' செல்வதற்கே சில சமயம் ஒரு கணவாயை ஏறிக் கடக்க வேண்டியிருக்கும் என்பதால், எந்தெந்த முகாமுக்கு வண்டி வர முடியும், அவசரத்துக்கு ஏறிச் செல்லக் குதிரை உடன் வருமா என்ற இரண்டையும் முன்பணம் கட்டுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாத்திரை போட வேண்டுமா? மலைமக்கள் மெல்லும் கோகா இலை போதாதா?

அசிட்டசோலமைடு மாத்திரை உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்துகிறது. தடுப்புக்காக 125 மி.கி. வீதம் நாளைக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து கொடுப்பது வழக்கம். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வு வரலாம், அஞ்ச வேண்டாம்.

கோகா தேநீர் அங்கே எல்லா வீட்டிலும் கிடைக்கும். அன்போடு கொடுத்தால் அருந்துங்கள். ஆனால் அதை மருந்தாக நம்பி ஏற வேண்டாம். இலையையோ தேநீர்ப் பையையோ ஊருக்குக் கொண்டுவரவும் கூடாது. பெருவில் சட்டப்படி விற்கும் அந்த இலை இந்தியாவில் தடைசெய்யப்பட்டது.

எந்த மாதம் நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை. ஜூன், ஜூலையில் பகல் வெயில் சுட்டெரிக்கும். இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்விடும்.

நான் சைவம். அந்த உயரத்தில் என்ன சாப்பிடுவது?

கவலை வேண்டாம். உருளைக்கிழங்கும் கினோவா என்ற தானியமும் பிறந்த மண் அது. கிழங்கில் மட்டும் எண்ணற்ற வகைகளைப் பயிரிடுகிறார்கள். ஜூன், ஜூலை உறைபனிக் காலத்தில் கிழங்குகளைப் புல்வெளியில் பரப்பிவைக்கிறார்கள். இரவில் அவை உறைகின்றன, பகல் வெயிலில் இளகியதும் குடும்பமே சேர்ந்து வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிந்தெடுக்கிறது. சில நாட்கள் இப்படிச் செய்து காயவைத்த கிழங்குக்குச் சுன்யோ என்று பெயர். கூழாங்கல் அளவுக்குச் சுருங்கி எடை குறைந்துவிடும் அது, ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

கவனிக்க வேண்டியது சூப். கினோவா சூப்பாக இருந்தாலும் இறைச்சி வேகவைத்த நீரில்தான் பெரும்பாலும் செய்வார்கள். எனவே 'இறைச்சி வேண்டாம்' என்பதோடு 'இறைச்சிச் சாறும் வேண்டாம்' என்று சேர்த்தே சொல்லுங்கள். 4,000 மீட்டரில் நீர் ஏறத்தாழ 87 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு எளிதில் வேகாது. சமையல்காரர் குக்கர் கொண்டுவருகிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

கிராமத்துக் குழந்தைகளுக்கு மிட்டாய், பேனா கொண்டுபோகலாமா? புகைப்படம் எடுக்கலாமா?

மிட்டாய் வேண்டவே வேண்டாம். பல் மருத்துவர் எட்டாத ஊர்கள் அவை. வழியில் நின்று பொருள் கொடுப்பது, நடப்பவர்களைக் கண்டால் கை நீட்டும் பழக்கத்தைத்தான் குழந்தைகளுக்கு உண்டாக்கும். நோட்டுப் புத்தகம் கொடுக்க விரும்பினால் பள்ளி ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

உண்மையாகவே உதவ நினைப்பவர்கள் துணி வாங்கலாம். இடுப்பில் பட்டை கட்டி இழுத்துப் பிடித்த தறியில், லாமா என்ற சுமை விலங்கின் எலும்பில் செய்த கூரிய கருவியால் இழை இழையாகப் பொறுக்கி நெய்கிறார்கள். சிவப்புச் சாயம் கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து வருகிறது. ஒரு போர்வைக்கு வாரக்கணக்கில் உழைப்பு போகிறது. தயவுசெய்து அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள்.

வழிகாட்டி இல்லாமல் தனியாகப் போகலாமா?

லாரெஸில் சட்டப்படி தடையில்லை. இருந்தும் கெச்சுவா பேசும் வழிகாட்டியையும், அந்தந்தக் கிராமத்துக் குதிரைக்காரரையும் அமர்த்திக்கொள்வதே சரி என்பேன். முதியவர்கள் பலருக்கு ஸ்பானிய மொழி சரளமாக வராது; வழிகாட்டி இல்லையென்றால் புன்னகையோடு பேச்சு முடிந்துவிடும். கூலி, பயணத்துக்குச் செல்லும் பணத்தில் கிராமத்துக்குச் சேரும் பங்கு, இரவில் குதிரைக்காரர் எங்கே உறங்குவார், அவருக்கும் கூடாரம் உண்டா என்பதையெல்லாம் நிறுவனத்திடம் வெளிப்படையாகக் கேளுங்கள். மழுப்பினால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். மலைக் கிராமங்களில் ஏ.டி.எம். இருக்காது. துணிக்கும் அன்பளிப்புக்கும் தேவையான சோல் (பெருவின் நாணயம்) நோட்டுகளைச் சில்லறையாக உருபம்பாவிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.