பள்ளி வாசலில் போய் நிற்காதீர்கள்

கேள்வி: மலேசியாவின் பினாங்கு மாநிலம், பட்டர்வொர்த்திலிருந்து 64 வயது பாட்டி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகனும் இரண்டு வருடங்களுக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார், உயில் எழுதவில்லை. மருமகள் 8 வயது, 5 வயதுப் பெண் பிள்ளைகளோடு சுங்கை ஆராவில், மகன் பெயரில் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறார். ஞாயிறுதோறும் பாட்டி வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளை, போன பள்ளி விடுமுறையில் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் கழித்துப் பாட்டி திருப்பி அனுப்பினார். அன்றோடு வரவு நின்றது. "பேத்திகள் என் ரத்தம். கோர்ட்டில் போட்டு என்னிடமே வாங்கிக்கொள்ள முடியுமா? அதுவரை பள்ளி விடும் நேரத்தில் நானே போய் அழைத்து வரலாமா?"

பதில்: அம்மா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். கருமாதிக்குச் சம்பந்தி வீட்டார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் சாப்பிடாமல் கிளம்பினார்கள் என்பதே ஒன்றரைப் பக்கம். அதை ஓரமாக வையுங்கள். எனக்கு வேண்டியிருந்தது கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: "அவர்கள் விவாகரத்து எல்லாம் கேட்கவில்லை, நன்றாகத்தான் இருந்தார்கள்."

விஷயமே அதுதான். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, இறந்துபோன தாய் அல்லது தகப்பனின் குடும்பத்தார் பிள்ளையைப் பார்க்க நீதிமன்றம் வழிசெய்யலாம் என்கிறது. ஆனால் அது தனித்து நிற்கும் உரிமை இல்லை. பிள்ளை யாருடைய பராமரிப்பில் இருக்க வேண்டும் என்று போடும் உத்தரவோடு சேர்த்து விதிக்கக்கூடிய ஒரு நிபந்தனை. உங்கள் குடும்பத்தில் விவாகரத்து நடக்காததால் அப்படி ஒரு உத்தரவே கிடையாது. மகன் போன பிறகு தாய்தான் பாதுகாவலர். ஆகவே, பார்க்க மட்டும்தான் கேட்கிறோம் என்று நீங்கள் எத்தனை முறை சொன்னாலும், வழக்கு என்று போனால் பிள்ளைகள் யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வியையும் சேர்த்தே கிளப்ப வேண்டிவரும். அந்தப் பேப்பர் கையில் கிடைத்ததும் மருமகளுக்குத் தெரியப்போவது ஒன்றுதான்: மாமியார் பிள்ளைகளைப் பிடுங்கப் பார்க்கிறார்.

உங்களிடமே வாங்கிக்கொள்வதை மறந்துவிடுங்கள். தாய் உயிரோடு இருக்கும்போது பாட்டியிடம் ஒப்படைக்க விதிவிலக்கான சூழ்நிலை வேண்டும் என்கிறது 88-ஆம் பிரிவு. 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானமும் அதில் உண்டு, சின்னவளுக்கு 5. மருமகள் வேலை முடிந்து இரவு எட்டுக்கு வருகிறார், பிள்ளைகள் மெகியைச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள் என்பதெல்லாம் விதிவிலக்கான சூழ்நிலை இல்லை. பினாங்கில் பாதி வீடுகளில் அதுதான் நடக்கிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

வக்கீலான என்னிடம் வந்த ஒரு பாட்டி, நீங்கள் நினைப்பதைப் போலவே, பள்ளி விட்டதும் பேத்திகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ரொட்டி சானாய், விளையாட்டுத் திடல், வீட்டில் எண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டது, அவ்வளவுதான். இரவு எட்டரைக்குத் திருப்பிக் கொண்டுபோய் விட்டார். ஆனால் ஆறேகாலுக்கே தாய் போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டார். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் பிள்ளையைச் சட்டப்படியான பாதுகாவலரின் சம்மதமில்லாமல் கொண்டுபோவது தண்டனைச் சட்டத்தின் 361-ஆம் பிரிவில் வரும். 363-இன்படி 7 ஆண்டு வரை சிறை. அந்தப் பாட்டி மேல் யாரும் குற்றம் சாட்டவில்லை. அது நடக்க வேண்டிய தேவையும் இல்லை. பிறகு வந்த ஒவ்வொரு அஃபிடவிட்டிலும் (நீதிமன்றத்துக்குச் சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்) அந்த ரிப்போர்ட்தான் முதல் இணைப்பு. இரண்டாவது இணைப்பு, பெரியவளின் டேப்லெட்டுக்குப் பாட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்: "அம்மா உங்களைப் பார்த்துக்க மாட்டா, பாட்டிகிட்ட வந்துடுங்க." பாசத்தில் சொன்னதுதான். எழுத்தில் படித்துப் பாருங்கள், எப்படி இருக்கிறது?

நீங்கள் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம் செய்தவர். அதை நான் அப்போதைக்கு ஒரு கோளாறு என்று விளக்கிவிடலாம். பள்ளி வாசல் சம்பவமும் சேர்ந்தால் விளக்க ஒன்றுமில்லை. பிள்ளைகளிடம் "யாரை ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டு வீடியோ எடுப்பதும் வேண்டாம். சொந்தமாக ஒரு கருத்தைச் சொல்லும் வயதில் உள்ள பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கேட்கலாம். பெரியவள் அங்கே போய் "பாட்டி சொல்லச் சொன்னாங்க" என்றால் அப்புறம் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று. கடிதத்தின் ஓரத்தில் "வீட்டிலும் எனக்குப் பங்கு உண்டாமே" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்டு. உயில் இல்லாமல் போனவரின் சொத்தில், 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். யாரோ சொந்தக்காரர் உங்களுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சொன்ன நேரம்தான் தப்பு. உங்கள் கால் பங்கைப் பணமாக வாங்க வேண்டுமென்றால், மருமகள் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டும், இல்லை வீட்டை விற்க வேண்டும். பேத்திகள் தூங்குகிற வீடு அது. ஒரு கையில் அந்த நோட்டீஸ், மறு கையில் "பிள்ளைகளைப் பார்க்க வேண்டும்" என்ற மனு. மருமகளின் வக்கீல் இரண்டையும் அருகருகே வைத்தாலே போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. பேத்திகள் பெயரைச் சொல்லி வந்த எத்தனையோ வழக்குகளின் அடியில் வீடு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சமரசம் செய்துகொள்ளுங்கள், அதுவும் உங்கள் பக்கமிருந்து முதலில் இறங்கி. இரண்டு நாள் தாமதத்துக்கு ஒரு வரி மன்னிப்பு. கூடவே "ஆனால்" போடாதீர்கள். மாதம் ஒரு ஞாயிறு, காலை பத்து முதல் ஒரு மணி வரை, மருமகளும் கூட இருக்கலாம் என்று ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். உங்கள் வீட்டில் வேண்டாம். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விட்டு, பக்கத்தில் தாவரவியல் பூங்காவில் உட்காரலாம் (குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றுவது உங்கள் பாடு). வாரம் ஒருநாள் வீடியோ அழைப்பு, மகனின் திதியன்று ஒரு மணி நேரம். இதைக் கேட்டால் மருமகளால் மறுப்பது கடினம். மறுத்தால் அதுவே பிறகு நமக்கு உதவும். ஒப்புக்கொண்டால் இருவரும் தாளில் கையெழுத்துப் போடுங்கள், வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று வந்தது போதாது. ஆறு மாதம் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே திருப்பி ஒப்படைத்துப் பாருங்கள். முழு ஞாயிறு கேட்பது அப்புறம்.

அதற்கும் வழி விடவில்லையென்றால், அந்தக் கடிதத்தின் நகலோடு என்னைப் பார்க்க வாருங்கள். வீட்டுப் பங்கு விஷயத்தை என்னிடம் கொண்டுவராதீர்கள். அதற்கு வேறு வக்கீலைப் பாருங்கள், இந்த வருடம் வேண்டாம்.