வாசகர் கேள்வி–பதில்: மார்பகப் புற்றுநோயும் மனநலமும்

கேள்வி: அக்காவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது. ‘தைரியமா இரு, பாசிட்டிவா நினை’ என்று எவ்வளவோ சொல்கிறோம். ஒன்று, எரிந்து விழுகிறாள். இல்லையென்றால் வாயே திறப்பதில்லை. இது சாதாரண வருத்தமா, மனச்சோர்வு நோயா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் அந்த ‘பாசிட்டிவ்’ அறிவுரையை நிறுத்துங்கள். மனசு நன்றாக இருந்தால் ஆயுள் கூடும் என்ற நம்பிக்கைக்கு வலுச் சேர்த்த ஆய்வு ஒன்று 1989இல் அமெரிக்காவில் வந்தது. நோய் பரவிய நிலையில் இருந்த பெண்களில், வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் அதிக காலம் வாழ்ந்ததாக அது சொன்னது. 2001இல் வெளியான கனடா ஆய்வு, 235 பெண்களிடம் அதையே சோதித்துப் பார்த்தது. ஆயுள் கூடவில்லை. ஆனால் மன வேதனையும் வலியும் குறைந்தன, அதிலும் வேதனை அதிகம் இருந்தவர்களுக்கு. ஆக, மன ஆதரவு என்பது மன வேதனைக்கான சிகிச்சை. ‘நான் பயந்ததால்தான் நோய் கூடிப்போச்சோ’ என்று அக்கா தன்னையே நொந்துகொள்ள நம் பேச்சு வழிவிடக் கூடாது. ‘இன்னிக்கு எது ரொம்பத் தொல்லையா இருக்கு?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வர நேரமாகும்.

எரிந்து விழுவதற்கு உடல் காரணமும் இருக்கலாம். வாந்தியும் ஒவ்வாமையும் வராமல் தடுக்க, கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். அது தூக்கத்தைக் கெடுக்கும், சிடுசிடுப்பைக் கூட்டும். நிறுத்தியதும் ஓரிரு நாள் ஆளைச் சோர்த்துப் போடும். நாள்காட்டியில் கீமோ தேதியையும் அன்றன்றைய மனநிலையையும் குறித்து வாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே நாட்களில் கோபம் வருகிறதென்றால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று அவர் பார்ப்பார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பசியின்மை, களைப்பு, தூக்கமின்மை ஆகியவற்றை மட்டும் நம்ப முடியாது. இந்த மூன்றையும் கீமோவே தரும். வேறு இரண்டைக் கேளுங்கள். 2 வாரமாகப் பெரும்பாலான நாட்கள் மனசு கனத்தே கிடக்கிறதா? முன்பு ஆசையாகச் செய்த எதிலும் ஈடுபாடு இல்லையா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ‘செத்துப்போனால் தேவலை’ என்ற பேச்சு வந்தால் தள்ளிப்போடாமல் அன்றே பாருங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள்.

புற்றுநோய் மருத்துவமனைகளில் வேதனையை 0 முதல் 10 வரை அளக்கும் ஒரு வெப்பமானிப் படம் உண்டு. கடந்த ஒரு வாரத்தை நினைத்துக் குறிக்கச் சொல்வார்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் பணமா, குடும்பமா, உடல் தொல்லையா, பயமா என்று அடுத்து விசாரிப்பது முறை. அவசரமான ஓ.பி.யில் இதை யாரும் கேட்காமல் போகலாம். அதனால் எண்ணை அக்காவே குறித்து, கோப்பின் முதல் தாளில் வைத்துக்கொண்டு போகட்டும். ‘எப்படி இருக்கீங்க?’ என்றால் நம் பெண்கள் ‘நல்லா இருக்கேன் டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். ‘7’ என்ற எண்ணை அப்படித் தாண்டிப்போக முடியாது.

கேள்வி: டாமாக்சிஃபென் (மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரை) சாப்பிடுகிறேன். மனச்சோர்வுக்கும் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். சேர்த்துச் சாப்பிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் டாமாக்சிஃபெனை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றுகிறது. பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் இரண்டும் அந்த நொதியைப் பலமாகத் தடுப்பவை. டாமாக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்குப் பொதுவாக இவற்றைத் தவிர்ப்பார்கள். வென்லாஃபாக்சின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை அவ்வளவாகத் தடுப்பதில்லை. டாமாக்சிஃபெனால் வரும் திடீர் உடல் சூட்டையும் வென்லாஃபாக்சின் குறைக்கும். சீட்டில் இருப்பது முதல் வகை என்றால் எதையும் சட்டென நிறுத்திவிடாமல், இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள். மனச்சோர்வு மாத்திரை பலன் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பத்து நாளில் ‘ஒண்ணும் கேக்கல’ என்று கைவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கேள்வி: ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். கல்யாண வீடுகளுக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது. கணவரும் விலகியே படுக்கிறார்.
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தொடக்கத்தில் எடையில்லாத மென்மையான செயற்கை மார்பகம் போதும். சிலிக்கோன் வகையைப் பெரும்பாலும் அறுவை முடிந்து 6 முதல் 8 வாரம் கழித்து, புண் நன்றாக ஆறியபின் வைப்பார்கள். ரேடியேஷன் நடந்தால் இன்னும் தள்ளிப்போகும். எடை ஒத்துவர வேண்டும். லேசாக இருந்தால் பிரா மேலே ஏறும், ரவிக்கை ஒரு பக்கம் இழுக்கும். உள்ளே பை தைத்த பிரா இருந்தால் குனியும்போது நழுவாது. பழைய பிராவிலேயே பருத்தித் துணியில் பை தைக்கத் தையற்காரரிடம் சொல்லலாம்.

கணவர் விலகுவது அருவருப்பால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வலிக்குமோ, தனக்கும் ஏதாவது ஆகுமோ என்ற பயத்தால் விலகும் ஆண்கள் நிறையப் பேர். புற்றுநோய் தொற்றாது. அடுத்த பரிசோதனைக்கு அவரையும் உள்ளே அழைத்துப்போய், மருத்துவர் வாயாலேயே அதைச் சொல்லக் கேளுங்கள். கீமோவாலும் ஹார்மோன் மாத்திரையாலும் பிறப்புறுப்பு வறண்டு வலித்தால் தண்ணீர் சார்ந்த வழவழப்பு ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கிரீமை மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். சிகிச்சை நாட்களில் கர்ப்பம் கூடாது. கருத்தடை மாத்திரையும் வேண்டாம். ஆணுறை அல்லது ஹார்மோன் இல்லாத காப்பர்-டி சரி.

கேள்வி: 7 வயது மகளிடம் சொல்லலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சொல்லுங்கள், முடி கொட்டுவதற்கு முன்பே. பல கீமோ மருந்துகளில் முதல் சுற்று முடிந்து 2, 3 வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். நோயின் பெயர், அது அவள் செய்த எதனாலும் வரவில்லை, கட்டிப்பிடித்தால் ஒட்டாது, பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவார்கள் ஆகிய நான்கும் போதும்.

கேள்வி: இதற்கெல்லாம் செலவில்லாமல் எங்கே போவது?
– வாசகர், விழுப்புரம்

பதில்: மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மையத்தில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை உண்டு. சிகிச்சைக்கு ரயிலில் போகிறவர்கள், மருத்துவமனை தரும் சலுகைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணம் கிடையாது, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.