கேள்வி-பதில்: பாட்டி கதையும் பன்னிரண்டு படங்களும்

பழைய கதைகளை அனிமேஷனாக எடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சென்னை ஸ்டுடியோக்களில் வேலை பார்த்துவிட்டு இப்போது நாகர்கோவிலில் அனிமேஷன் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பதில் அளிக்கிறார்.

என் பாட்டி சொல்லும் கதை ஒன்றை அனிமேஷன் குறும்படமாக எடுக்க ஆசை. கையில் இருப்பது ஒரு பழைய லேப்டாப்பும் போனும்தான். முடியுமா?
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

முடியும், தம்பி. ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை வைத்து ஜெர்மனியில் லொட்டே ரைனிகர் என்ற பெண் ஒரு முழுநீளப் படம் எடுத்தார். அது 1926-இல் வெளிவந்தது. இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அதுதான். கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, கை கால் மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கண்ணாடி மேசைமேல் வைத்து, கீழே விளக்கு, மேலே கேமரா. ஒவ்வொரு அசைவுக்கும் பொம்மையைத் துளி நகர்த்தி ஒரு படம். அந்த மேசையை உங்கள் வீட்டிலேயே செய்துவிடலாம். கேமராவுக்குப் போன் போதும். கணினியில் வரைய வேண்டுமென்றால் பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசம். 2025-இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படமான 'ஃப்ளோ' அதில்தான் செய்யப்பட்டது.

ஆனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பாட்டியின் குரலைப் பதிவு செய்யுங்கள். ஸ்டுடியோ வேண்டாம். அவர் வழக்கமாகக் கதை சொல்லும் திண்ணையிலோ அடுப்படியிலோ போனை வைத்துவிட்டு, நீங்கள் எதிரே உட்கார்ந்து 'ம்' கொட்டுங்கள். 'ம்' கொட்ட ஆள் இல்லாவிட்டால் பாட்டி கதையைச் சுருக்கிவிடுவார். எங்கே இழுக்கிறார், எங்கே நிறுத்தி வெற்றிலையை மடிக்கிறார், எந்த இடத்தில் குரல் தணிகிறது என்பதுதான் உங்கள் ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்துவைக்கும் திட்டம். படத்தை அந்தக் குரலுக்கு ஏற்ப வெட்டித் தொகுங்கள். அதை எழுத்துத் தமிழாக்கி டப்பிங் கலைஞரைப் பேசவைத்தால், கதைச் சுருக்கம் மட்டும் மிஞ்சும், திண்டுக்கல் பேச்சு தொலைந்துவிடும்.

ஐந்து நிமிடப் படத்துக்கு எத்தனை ஓவியம் வரைய வேண்டும்?
(பத்தாம் வகுப்பு மாணவி, கரூர்)

ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 நிலைப்படங்கள். ஒரே ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைப்பது வழக்கம். அப்படியானால் நொடிக்கு 12, ஐந்து நிமிடத்துக்கு 3,600. முதல் படத்தை ஒரு நிமிடத்துக்குள் வைத்துக்கொள்ளம்மா.

ஆறாம் வகுப்புக் குழந்தைகளோடு சேர்ந்து நல்லதங்காள் கதையை அனிமேஷன் செய்ய நினைத்தேன். 'பிள்ளைகளைக் கிணற்றில் போடும் கதையா?' என்று சக ஆசிரியர்கள் தடுக்கிறார்கள். முடிவை மாற்றிவிடலாமா?
(ஆசிரியை, சிவகாசி)

மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் மாவட்டத்துக் கதை அது. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயிலே இருக்கிறது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீடு தேடி வந்தவளை அண்ணி மூளியலங்காரி பட்டினி போட்டாள். கதையின் உயிர் அந்தப் பசியில் இருக்கிறது. பிள்ளைகள் பிழைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதாக முடித்தால், பஞ்சம் என்றால் என்ன என்று சொல்ல நம்மிடம் இருக்கும் ஒரு கதையையும் இழந்துவிடுவோம்.

ஆனால் முடிவை வைத்துக்கொள்வது வேறு, கிணற்றுக்குள் கேமராவை இறக்குவது வேறு. நேரடிப் படப்பிடிப்பில் கஷ்டமான ஒன்று அனிமேஷனில் சுலபமாக வரும். வறண்ட காட்டை ஏழு ஜோடிக் கால்தடங்களால் காட்டலாம். பசி கூடக்கூடப் பிள்ளைகளின் நிறத்தை மெல்ல மெல்ல வெளிறவிடலாம். கிணற்றடியில் படத்தை அப்படியே நிறுத்தி, ஒப்பாரியை மட்டும் ஒலிக்கவிடலாம். ஒப்பாரி பாடத் தெரிந்த பெண்கள் உங்கள் பகுதியில் இருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள். அப்புறம், வரைவதற்கு முன் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். 'அண்ணன் அப்போது எங்கே போயிருந்தான்?' என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்தே ஒரு காட்சி கிடைக்கும்.

கண்ணகியைப் பற்றி ஒரு வரி எழுதினால் ஏஐ ஒரு நிமிடத்தில் படம் தருகிறது. 'கையால் வரைய ஏன் பழக வேண்டும்?' என்று என் மகன் கேட்கிறான். என்ன சொல்வது?
(தாய், கோயம்புத்தூர்)

அவன் எடுத்த படத்தில் கண்ணகி எப்படி இருக்கிறாள் என்று பாருங்கள். என் மாணவர்கள் காட்டியவற்றில் அவள் வெளுத்த நிறத்தில், பட்டுச்சேலையும் கல்யாண நகையுமாக, கண்ணில் தீயோடு நிற்கிறாள். பாண்டியன் அவைக்கு வந்தவள் அப்படி வரவில்லை. விரித்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாக, புருஷனைப் பறிகொடுத்து அழுதுகொண்டு வந்தவள் அவள்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரைகாதையை மகனோடு உட்கார்ந்து வாசியுங்கள். தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன். அவள் உடைக்கிறாள். 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே' என்று இளங்கோ எழுதுகிறார். தெறித்த மணி போய்ப் படுகிற இடத்தைப் பாருங்கள், தீர்ப்புச் சொன்ன வாய்! எத்தனை ஃப்ரேமில் அந்த மணி பறக்க வேண்டும், எங்கே நொடி நேரம் தாமதிக்க வேண்டும், மாணிக்கம் உள்ளே உருளும் ஒலிக்கும் முத்து உருளும் ஒலிக்கும் என்ன வித்தியாசம்? இதையெல்லாம் ஒருவன் யோசித்துப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். கையால் வரையும்போது அந்த யோசனை தானாக வரும். வரைந்து பழகிய பிறகு எந்தக் கருவியை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பார்த்து வரைய நம்மிடம் நிறைய இருக்கிறது. 1957-இல் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன், புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் ஒன்றை அனிமேஷனாக எடுத்தபோது அஜந்தா ஓவியங்களின் சாயலைத் தேடிப் போனார்கள். உங்கள் மகனைத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் திருப்புடைமருதூர்க் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். கோபுரத்துக்குள் ஒவ்வொரு நிலையிலும் நாயக்கர் காலச் சுவரோவியங்கள் இருக்கின்றன. அந்த உடைகளையும் நிற்கும் தோரணைகளையும் நோட்டில் வரைந்து கொண்டுவரட்டும்.

தோல்பாவைக் கூத்து ஆடுகிறவர்கள் ஏற்கெனவே ஆட்டம் கிடைக்காமல் இருக்கிறார்கள். அவர்களுடைய பாவைகளை நீங்கள் கணினிக்குள் கொண்டுபோனால் மிச்சமிருக்கும் பிழைப்பும் போகாதா?
(ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர், மதுரை)

உங்கள் கவலை நியாயமானது, ஐயா. பாவையை மட்டும் ஸ்கேன் செய்து எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். அந்தக் கலை ஆட்டுத்தோலில் மட்டும் இல்லை. திரைக்குப் பின்னால் ஒருவரே ராமனாகவும் ராவணனாகவும் பேசுகிறார், பாடுகிறார், இரண்டு கையிலும் பாவையை ஆட்டுகிறார். பாவையைத் துணியோடு ஒட்டினால் கோடு கூர்மையாகத் தெரியும். சற்று விலக்கினால் கலங்கிப் பெரிதாகும். கேமராவில் நாங்கள் ஃபோகஸ் மாற்றிச் செய்வதை அவர் மணிக்கட்டால் செய்துவிடுகிறார். ராமாயணத்தின் நடுவே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள் நுழைந்து உள்ளூர்ச் சேதி பேசுவார்கள். அந்தப் பேச்சு கூட்டத்தைப் பார்த்து அப்போதே பிறப்பது. அதை எந்த ரிக்கிலும் (கணினிப் பொம்மையை அசைக்கும் எலும்புக்கூட்டு அமைப்பு) அடைக்க முடியாது.

பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் பாவைக்கூத்துக்கென்றே இருக்கும் கூத்துமாடங்களில் கம்பன் பாட்டைப் பாடியே பாவை ஆட்டுகிறார்கள். தாருகன் என்ற அசுரனோடு போரிடப் போனதால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன தேவிக்காக நடத்துவது அது. எதிரே ஆளே இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும். யாருக்காகச் சொல்கிறோம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. அனிமேஷன் செய்கிற நாங்கள் அதையும் அவர்களிடம் கற்க வேண்டும்.

கலைஞர்களோடு சேர்ந்து செய்ய வழி இருக்கிறது. அலாஸ்காவின் இனுபியாக் மக்கள் கதை ஒன்று 2014-இல் 'நெவர் அலோன்' என்ற வீடியோ கேமாக வந்தது. ஓயாத பனிப்புயலின் காரணத்தைத் தேடிப்போகும் சிறுமி நூனாவும் ஒரு நரியும்தான் அதில் நாம் ஆடும் பாத்திரங்கள். அலாஸ்காப் பூர்வகுடி மக்களின் அமைப்பு ஒன்றே அதைத் தயாரிப்பதில் பங்காளி. கதையைச் சொல்லிவந்த ராபர்ட் கிளீவ்லேண்ட் இறந்துவிட்டதால் அவருடைய மகளிடம் அனுமதி வாங்கினார்கள். கதை இனுபியாக் மொழியிலேயே சொல்லப்படுகிறது. ஆட ஆட, பெரியவர்கள் பேசும் சிறு ஆவணப்படங்கள் திறக்கும்.

இங்கே என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி: பாவைக் கலைஞரிடம் போனால் முதலில் காசு கொடுத்து ஒரு முழு ஆட்டம் பாருங்கள், பதிவு அப்புறம். படத்தில் அவர் பெயர் 'நன்றி' பட்டியலில் வரக்கூடாது, 'கதை, குரல்' என்ற இடத்தில் வர வேண்டும். படம் பரிசு வாங்கினால் அவருக்கும் பங்கு. ஒப்பந்தம் அவர் வாசிக்கிற தமிழில் இருக்கட்டும், பதிவின் ஒரு பிரதி அவர் வீட்டில் இருக்கட்டும். திரையிடல் நடக்கும் அன்று மாலை, அதே அரங்கில் அவருக்கு ஓர் ஆட்டமும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.