மூன்று போட்டோ போதுமா? வீட்டுக் கதையைப் படமாக்குவது பற்றிக் கேள்வி பதில்

பதினைந்து வருடமாகப் படத்தொகுப்புதான் என் பிழைப்பு. என் மேசைக்குத் தங்கள் வீட்டுக் கதையோடு வருகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். நீங்கள் கேட்டிருந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

செம்பவாங் பேத்தி: அக்கா, என் பாட்டி நேவல் பேஸ் குவார்ட்டர்ஸில் (கடற்படைத் தள ஊழியர் குடியிருப்பில்) வாழ்ந்தவர். பாட்டி இப்போது இல்லை. மூன்று போட்டோதான் மிச்சம். இதை வைத்து ஆவணப்படம் எடுக்க முடியுமா?

மூன்று இருக்கிறதே! சாண்டி டான் என்ற இயக்குநருக்குத் தன் கதையைப் படமாக்கி முடிக்க 26 வருடம் ஆனது தெரியுமா? 1992ல் சிங்கப்பூரில் தோழிகளோடு சேர்ந்து ஒரு கதைப்படம் எடுத்தார். எழுபது சுருள். இயக்குநராக இருந்த ஆசிரியர் அத்தனையையும் தூக்கிக்கொண்டு மறைந்துவிட்டார். அவர் இறந்த பிறகு 2011ல் சுருள்கள் திரும்பி வந்தன, ஆனால் ஒலி இல்லை. ஊமையாகிப்போன அந்தக் காட்சிகளை வைத்தே, தொலைந்த கதையைச் சொல்லி, 2018ல் ‘ஷர்க்கர்ஸ்’ ஆவணப்படம் செய்தார். சண்டான்ஸ் விழாவில் இயக்கத்துக்கான விருது கிடைத்தது. ஒலி பத்திரமாகத் திரும்பி வந்திருந்தால் இந்தப் படமே பிறந்திருக்காது என்பது என் கட்சி.

நம்மவர் ஒருவரையும் பாருங்கள். சிங்கப்பூர்க் கலைஞர் பிரியகீதா டியா. மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களைக் காலனிக் காலப் படங்கள் கூலிகளாகத்தான் காட்டின, பெயர்கூடக் கிடையாது. பழைய போட்டோக்களையே திரும்பக் காட்டுவதோடு அவர் நிற்கவில்லை. கணினி வரைகலையில் புதிதாக உடல்களை உருவாக்கிக் காணொளிக் கலையாக்குகிறார். ஆவணம் கைவிட்ட இடத்தில்தான் அவர் வேலை தொடங்குகிறது.

உங்களுக்கு வேறு வழியும் உண்டு. போட்டோக்களின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எழுத்து ஏதாவது இருக்கும். கான்பெரா ரோட்டில் இருந்த புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இப்போது ஈசூனில் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று அங்கே போய், பழைய நேவல் பேஸ்காரர் யாரையாவது கண்டுபிடியுங்கள். இன்னொரு நாள் அவரை கான்பெரா பக்கம் கூட்டிப் போய், “இங்கேதான் எங்க வீடு” என்று கை நீட்டச் சொல்லுங்கள். அவர் காட்டும் இடத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் கேமராவை நிறுத்தாதீர்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979லிருந்து குரல்களைச் சேர்க்கிறது, தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. அங்கேயும் தேடுங்கள்.

ஜூரோங் வெஸ்ட் மகள்: அம்மா கேமராவைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறார்.

அப்படியானால் கேமராவை வீட்டிலேயே எடுக்காதீர்கள். அவர் கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லிவிட்டு, குரலை மட்டும் பதியுங்கள். கலைஞர் மோனா ஹட்டூம் 1988ல் செய்த ‘மெஷர்ஸ் ஆஃப் டிஸ்டன்ஸ்’ என்ற காணொளிப் படம் பதினைந்து நிமிடம்தான். பெய்ரூட்டிலிருந்து அம்மா எழுதிய அரபுக் கடிதங்களின் கையெழுத்து, அம்மாவின் படங்கள்மேல் திரை போல் விழுகிறது. மகள் அதையே ஆங்கிலத்தில் வாசிக்கிறார். அம்மா நம் எதிரில் உட்கார்ந்து பேசவே இல்லை.

முதலில் தொகுத்த வடிவத்தை அம்மாவுக்குத் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆரம்பக் காலத்தில் நான் தொகுத்த ஒரு படத்தில், ஒரு பெரியம்மா அழுகிற காட்சியை “அருமையா வந்திருக்கு” என்று வைத்தேன். அவர் அதை முதலில் பார்த்ததே, சொந்தக்காரர்கள் நிறைந்த திரையிடலில். பாதியில் எழுந்து போனவர் அந்த இயக்குநரோடு அதற்குப் பிறகு பேசவில்லை. வேண்டாம் என்று அம்மா சொன்னால் வெட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

பெயர் வேண்டாம்: என்னைப் பற்றி நானே படம் எடுத்தால் தற்பெருமை என்று சொல்லமாட்டார்களா?

சொல்வார்கள். ‘ஷர்க்கர்ஸ்’ படத்தில் சாண்டி டானின் தோழி ஜாஸ்மின் இங், நீ மோசமானவளாக இருந்தாய் என்று அவரையே திட்டுகிறார். அந்தத் துண்டை வெட்டாமல் விட்டதால்தான் மற்றதையும் நம்புகிறோம். உங்களைத் திட்டக்கூடிய ஒருவருக்குப் படத்தில் நாற்காலி போடுங்கள்.

சிங்கப்பூர்க் கலைஞர் சார்மெய்ன் போ சிறுவயதில் தொலைக்காட்சித் தொடரில் நடித்தவர். அந்தச் சின்னப் பெண்ணின் உடலைப் பற்றி இணையத்தில் கண்டபடி எழுதினார்கள். வளர்ந்த பிறகு, டீப்ஃபேக் (செயற்கை நுண்ணறிவால் ஒருவரின் முகத்தை உருவாக்கும்) நுட்பத்தால் அந்தச் சிறுமியையே திரும்ப வரவழைத்துப் பதில் பேச வைத்தார். இதையா தற்பெருமை என்பீர்கள்?

தேக்கா தம்பி: பாட்டி பேச்சில் தமிழும் மலாயும் கலந்து வருகிறது. ஆங்கில சப்டைட்டில் எப்படிப் போடுவது?

பாட்டி “கம்பம்” (மலாயில் ‘கம்போங்’) என்றால் கம்பம் என்றே போடுங்கள் தம்பி. அதை ‘கிராமம்’ ஆக்கினால் பாட்டி தஞ்சாவூருக்கே திரும்பிப் போய்விடுவார்! ஒலிக்கு ஒரு பாடம்: டான் பின் பின்னின் ‘சிங்கப்பூர் காகா’ (2005). டிஷ்யூ விற்பவரின் பாட்டு, எம்ஆர்டி அறிவிப்புக் குரல் என்று காதால் எடுத்த படம். பேட்டி முடிந்ததும் யாரையும் பேசவிடாமல் அந்த அறையின் மௌனத்தையும் ஒரு நிமிடம் பதியுங்கள். மின்விசிறிச் சத்தம்தான் இருக்கும். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்ட அது இல்லாமல் என்னைப் போன்றவர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாது.

ஈசூன் மருமகள்: முடித்த பிறகு எங்கே காட்டுவது?

மிடில் ரோட்டில் ஒப்ஜெக்டிஃப்ஸ் என்ற புகைப்பட, திரைப்பட மையம் இருக்கிறது, பெண்களின் திரைப்படங்களுக்கும் புகைப்படங்களுக்கும் தனி நிகழ்ச்சியே நடத்துகிறார்கள். பொதுத் திரையிடல் என்றால் முன்கூட்டியே தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் எந்த வயதினர் பார்க்கலாம் என்ற தரச் சான்று வாங்க வேண்டும்.

புக்கிட் பாத்தோக் அண்ணன்: அப்பா எடுத்த கல்யாண விஎச்எஸ் கேசட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம், அண்ணே. அது பூஞ்சை. ஒருமுறை ஓட்டினால் டேப்பும் கெடும், பிளேயரின் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். புதிய பிளேயரும் கிடைக்காது. உலகில் கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் என்ற ஜப்பானிய நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. கேசட்டைத் தனியாக ஒரு பையில் போட்டு, டேப் சுத்தம் செய்து டிஜிட்டலாக்கும் கடையில் கொடுங்கள். கேமரா வைக்கும் டிரை கேபினட் (ஈரப்பதத்தைக் குறைக்கும் பெட்டி) வீட்டில் இருந்தால், பூக்காத மற்ற கேசட்டுகளை இன்றைக்கே அதற்குள் வையுங்கள்.