டா என்றால் மூன்று மாத்திரை

வணக்கம் அண்ணை,

நான் கோண்டாவிலில் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். அமெச்சூர் வானொலி லைசன்ஸ் எடுக்க மூன்று வருடமாக யோசிக்கிறேன். மோர்ஸ் குறியீடுதான் தடை. புள்ளி, கோட்டு அட்டவணையை இரண்டு தரம் பாடமாக்கினேன், காதால் கேட்டால் ஒன்றும் பிடிபடுவதில்லை. 2003இல் உலக அளவில் மோர்ஸ் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், அமெரிக்காவில் 2007இலிருந்து மோர்ஸ் சோதனையே இல்லை. இங்கேயும் விதிகள் இலகுவாகும் வரை காத்திருக்கலாமா? அப்பாவின் பழைய றேடியோவில் 7 மெகாஹேர்ட்ஸ் பக்கம் தேடினால் 'புஸ் புஸ்' என்றுதான் கேட்கிறது. ஒன்லைனில் ஒரு வோக்கி டோக்கி வாங்கி, வேலை செய்கிறதா என்று இரண்டு மூன்று தரம் அழுத்திப் பார்த்தேன். செல்போன் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்றும் சிலவேளை நினைப்பதுண்டு.

ர., கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

காத்திருக்க வேண்டாம். சோதனைக்கு விண்ணப்பியும்.

ஏச வேண்டியதை முதலில் ஏசிவிடுகிறேன். அந்த வோக்கி டோக்கியின் பற்றரியை இன்றைக்கே கழற்றி வையும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதை விடும். அப்படியான மலிவுக் கருவிகளில் பல 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரை எங்கே வைத்தாலும் அனுப்பும். அமெச்சூர்களுக்கு உரியது அதில் 144இல் தொடங்கும் ஒரு சின்னத் துண்டு. 156.8 கடலில் ஆபத்தில் இருப்பவன் கூப்பிடும் அலைவரிசை. பருத்தித்துறைக்கு அப்பால் படகு கவிழ்ந்து ஒருவன் கூப்பிடுகிற நேரத்தில் நீர் 'வேலை செய்கிறதா' என்று பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? எந்த எண்ணில் நின்று அழுத்தினீர் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

2003இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலித்தொடர்பு மாநாட்டைச் சொல்கிறீர். சரி. அங்கே செய்தது, மோர்ஸ் கேட்பதா இல்லையா என்பதை அந்தந்த நாட்டின் கையில் விட்டதுதான். வானொலியை இயக்குபவருக்குத் தொழில்நுட்ப அறிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு நாடும் சோதிக்க வேண்டும் என்ற விதி அப்படியே நிற்கிறது. நாளைக்கு மோர்ஸ் முழுவதும் போனாலும் ஓமின் விதி போகாது, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் இடையூறு வந்தால் ஏன் வந்தது என்ற கேள்வியும் போகாது. மூன்று வருடத்தில் அவற்றில் எத்தனை படித்தீர்? எந்த வகுப்பு லைசன்ஸுக்கு என்ன கேட்கிறார்கள் என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் இப்போதைய பாடத்திட்டத்தை வாங்கிப் பாரும், முகநூலில் பார்க்க வேண்டாம்.

செல்போன் கேள்விக்கு 2004 டிசம்பர் போதும். சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே அமெச்சூர்கள் குறுஅலையில் செய்தி கொண்டுபோனார்கள். அப்பாவின் றேடியோவில் ஒரு பழுதும் இல்லை. மோர்ஸ் அலையில் தொனி கிடையாது, வெறும் அலை வந்து நிற்கும், வந்து நிற்கும். அதைத் தொனியாக்க உள்ளே இன்னொரு அலையாக்கி வேண்டும். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) உள்ள றேடியோவில் அந்த அலையாக்கி இருக்கும், அதில் கேளும்.

இனி அந்த அட்டவணை. உம்மைக் கெடுத்தது அதுதான், உம்முடைய மூளை இல்லை.

மோர்ஸின் வேகத்தை 'பாரிஸ்' என்ற சொல்லால் அளப்பார்கள். ஒரு புள்ளியின் நீளம் ஒரு மாத்திரை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் பின்னால் வரும் இடைவெளியோடு 50 மாத்திரை. நிமிடத்துக்கு 5 சொல் என்றால் ஒரு மாத்திரை 240 மில்லிசெக்கன், 20 சொல் என்றால் 60. கோட்டை டா என்றும் புள்ளியை டி என்றும் வாயால் சொல்வார்கள். 'கே' என்ற ஆங்கில எழுத்து டா டி டா, உள்ளே வரும் இடைவெளியோடு மொத்தம் 9 மாத்திரை. 5 சொல் வேகத்தில் அது இரண்டு செக்கனுக்கு மேல் இழுக்கும். அவ்வளவு நேரம் கிடைத்தால் மனம் 'கோடு, புள்ளி, கோடு' என்று எண்ணி, அட்டவணைக்கு ஓடி, தேடித் திரும்பும். வேகம் பத்தை நெருங்கினால் தேட நேரம் இல்லை, கை நின்றுவிடும். அதே கே 20 சொல் வேகத்தில் அரைச் செக்கன். எண்ண முடியாது. ஒரே ஒலியாகத்தான் காதில் விழும்.

ஆகவே எழுத்தை முதல் நாளே 20 வேகத்தில் கேளும், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையிலான வெளியை மட்டும் நீட்டிவிடும். முதலில் இரண்டே எழுத்து: கேயும் எம்மும். எம் என்றால் டா டா. காலையில் கால் மணி, இரவில் கால் மணி, ஐந்தைந்து எழுத்தாக வருவதை எழுதும். நூற்றில் தொண்ணூறு சரியானால் மூன்றாவது எழுத்தைச் சேரும், அதற்கு முன் சேர்க்கக் கூடாது. தவறியதை யோசித்துக்கொண்டு நின்றால் அடுத்த மூன்றும் போய்விடும், கோடு போட்டுவிட்டு நகரும். எழுத்து, இலக்கம், குறி எல்லாம் சேர்த்து நாற்பது வரும். இரண்டு நாளுக்கு ஒன்று என்றாலும் மூன்று மாதம் ஆகாது. மூன்று வருடம் இருந்தீரே, தம்பி.

அளவெட்டியிலும் இணுவிலிலும் தவில் பழகும் பிள்ளை அட்டவணை பார்த்துப் பழகுவதில்லை. தாளச் சொற்கட்டை வாயால் சொல்லும், பிறகு கை தானாக வரும். நீரும் சைக்கிளில் போகும்போது கடைப் பெயர்ப் பலகைகளை டா டி என்று வாய்விட்டுச் சொல்லும். ஆனால் ஒன்று கவனம். எங்கள் வாய் 'டா'வை நெடிலாக்கி இரண்டு மாத்திரையில் நிறுத்திவிடும். மோர்ஸின் டா மூன்று மாத்திரை. இலக்கணத்தில் அது அளபெடை: டாஅ. எழுத்துக்குள் இருக்கும் இடைவெளி ஒன்று, எழுத்துகளுக்கு இடையில் மூன்று, சொற்களுக்கு இடையில் ஏழு. டா சுருங்கினால் அனுப்புவது குழைந்து, மறுமுனையில் இருப்பவர் திரும்பக் கேட்பார்.

அனுப்பிப் பழக ஒரு தொனிக் கருவி செய்துகொள்ளும், வேண்டியதெல்லாம் உமது கடை மேசையிலேயே கிடக்கும். 555 என்ற ரைமர் ஐசியின் 8ஆம் காலுக்கும் 7ஆம் காலுக்கும் இடையில் 10 கிலோஓம் தடை, 7க்கும் 6க்கும் இடையில் 100 கிலோஓம். 6ஐயும் 2ஐயும் இணைத்து, அங்கிருந்து 1ஆம் காலுக்கு 0.01 மைக்ரோபரட் கப்பாசிற்றர். 4ஐ 8உடன் சேரும், மறந்தால் சிலவேளை பாடும், சிலவேளை ஊமையாகும். 3ஆம் காலிலிருந்து 10 மைக்ரோபரட், 100 ஓம் வழியாக 8 ஓம் ஸ்பீக்கருக்கு, ஸ்பீக்கரின் மற்ற முனை 1க்கு. பற்றரியின் கழித்தல் முனையும் 1க்கு. 685 ஹேர்ட்ஸ் அளவில் தொனி வரும். கீயை, அதாவது மோர்ஸ் அடிக்கும் அழுத்தியை, 9 வோல்ற் பற்றரியின் கூட்டல் கம்பியில், 8ஆம் காலுக்குப் போகும் வழியில் வையும். கீக்குப் பிறகு 'சப்ளை சுத்தமாக' என்று பெரிய கப்பாசிற்றர் போட்டுவிடாதேயும். போன் திருத்துகிறவர் கை தானாக அதைப் போடும். கீயை விட்ட பிறகும் அதில் இருக்கிற மின்னில் தொனி வால் போல இழுபடும், டி எல்லாம் டா ஆகும்.

இரண்டு கிழமை கழித்து எழுதும். கேயிலும் எம்மிலும் நூற்றுக்கு எத்தனை என்ற எண் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.